ரெண்டு வருஷ வாரண்டி

“பொம்பளை டிஜேன்னா ரெண்டு வருஷம்தாம்மா வாரண்டி. அதுக்கு மேல தாங்காது” என்றார் கிளப் மேலாளர், நிமிர்ந்து பார்க்காமலே.

எதிரே உட்கார்ந்திருந்தவள் சனிக்கிழமை வேலைக்காக வந்திருந்தாள். வாரத்தில் கூட்டம் நெரிகிற நாள் அது ஒன்றுதான். அந்த நாள் கையில் இருந்தால்தான் ஒரு டிஜே இந்தத் தொழிலில் காலூன்ற முடியும். இல்லாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்தநாள் விழா, பள்ளி ஆண்டுவிழா என்று அலைய வேண்டியதுதான். ஒப்பந்தத் தாள் மேசைமேல் தயாராகத்தான் கிடந்தது. அவர் கையெழுத்துதான் பாக்கி.

மேலாளர் பிடி கொடுக்கவில்லை. கண் கணினியில், விரல் கைப்பேசியில், வாய் மட்டும் அவளிடம். அறையைச் சுற்றிலும் சத்தம் புகாத கண்ணாடி போட்டு வைத்திருந்தார். பாட்டுச் சத்தம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. கேமராவில் தலைகளை எண்ணுவார்; கூடம் நிறைந்ததும் தலைவலி மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். பதினேழு வருஷமாக இசைத்துறையில் இருப்பதாகச் சொல்லிக்கொள்ள அவருக்கு அது போதுமாக இருந்தது.

“ஒரு பத்து நிமிஷம் போட்டுக் காட்டட்டுமா, சார்?”

“எதுக்கும்மா? பாட்டை யாரு கேக்கறா?”

பிறகு, யாரும் கேட்காமலே பாடம் எடுத்தார். இந்தத் துறையில் பெண்கள் ஏன் நிலைப்பதில்லை என்பதற்கு அவர் கைவசம் ஏழெட்டுக் காரணங்கள் இருந்தன. பொறுமை கிடையாது. காதில் நுணுக்கம் கிடையாது. கல்யாணம் ஆகிவிடும், ஆகாவிட்டால் அது வேறு கவலை. சாட்சிக்கு, இதே சனிக்கிழமையில் இருந்துவிட்டுப் போன நால்வரையும் இழுத்து வைத்துத் தோலுரித்தார். முதலில் வந்தவள் மின்னல் ராணி, தலைமுடி முழுக்க வெள்ளிச் சாயம். அடுத்தவள் இருட்டுக் குயில், முகத்தில் கறுப்பு வலை. அப்புறம் நீல நரி. கடைசியாகப் பனிப்பூனை, மூக்குவரை முகமூடி. பெயரும் வேஷமும் அவருடைய சொந்த மூளையில் உதித்தவைதான். பனிப்பூனைக்குப் போன வாரம்தான் கைப்பேசியில் ஒற்றை வரி அனுப்பிச் சீட்டைக் கிழித்திருந்தார்.

“நாலு பேரும் இதே நாற்காலியிலதான் உக்காந்து தலையாட்டினாளுங்க. ஒருத்தி மூஞ்சிகூட ஞாபகம் இல்ல பாரு.”

“கூட்டம் குறைஞ்சு போச்சா, சார்?”

“கூட்டமா? கதவு சாத்தற வரைக்கும் நெரிஞ்சுக்கிட்டுதான் கிடந்தது. அதுக்காக? ரெண்டு வருஷமா அதே பொம்பளைன்னா சனங்களுக்கு அலுத்துப் போகாதா?”

வெள்ளிக்கிழமை போடும் ஆண் டிஜே பதினான்கு வருஷமாக அதே நாற்பது பாட்டைத்தானே அரைத்துக்கொண்டிருக்கிறார் என்று அவள் மெல்ல இழுத்தாள்.

“அது அனுபவம்மா” என்றார் மேலாளர்.

அவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். கையெழுத்து வாங்க வந்த இடத்தில் வாதம் எதற்கு? வயது இருபத்தாறு என்று வெளியே சொல்ல வேண்டும் என்றார், சரி என்றாள். தலையில் ஆரஞ்சு இறகு வைக்க வேண்டும் என்றார். அதற்கும் சரி என்றாள். மேலாளர் கண்ணை மூடி, ஞானம் இறங்கும்வரை காத்திருந்தார்.

“பேரு... தீக்கோழி. எப்படி?”

“அது பறக்காதே, சார்.”

“பறக்க வேணாம். ரெண்டு வருஷம் ஓடினா போதும்.”

தன் நகைச்சுவையில் தானே சொக்கிப்போனவர், அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கையெழுத்தைக் கிறுக்கித் தாளை அவள் பக்கம் தள்ளினார். புதுப்பெண் ஆயிற்றே, மேடையில் எது எங்கே இருக்கிறது என்று சவுண்ட்காரரிடம் பணிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொன்னார். அவள் நன்றி சொன்னது அவர் காதில் விழுந்ததோ என்னவோ, சுவரொட்டியில் தீக்கோழிக்கு இறகு ஒட்டும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

அவள் படியிறங்கிக் கூடத்துக்கு வந்தாள். பகல் வெளிச்சத்தில் அது பழைய கிடங்கு மாதிரி இருந்தது. துடைத்த தரை இன்னும் காயவில்லை. மேடையில் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த சவுண்ட்காரர் அவளைப் பார்த்ததும் வேலையை விட்டுவிட்டு எழுந்தார்.

“வாங்கக்கா. போன சனிக்கிழமை நீங்க வச்சிட்டுப் போன ஹெட்போன் இதோ இருக்கு. எட்டு வருஷத்துல உங்களுக்கு நாலு பேரு வச்சுப் பார்த்துட்டாரு, அஞ்சாவதா என்ன வச்சிருக்காரு?”

“மெதுவாப் பேசுப்பா. நான் இன்னைக்குத்தான் வேலைக்கே சேர்ந்திருக்கேன்.”