ஓங்காத கை

முதல் அடி ஆராயியின் முதுகில் விழுந்தது. பக்கத்துப் பாத்தி வரைக்கும் சத்தம் கேட்டிருக்கும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாளே தவிர, இடத்தை விட்டு நகரவில்லை.

"எந்திரிங்கடி! கலைஞ்சு போங்கடா எல்லாரும்!" என்று கத்தினான் காக்கிப் பேன்ட் போட்டவன். செருப்பை வரப்பிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, மூங்கில் கழியோடு பாத்திக்குள் இறங்கியிருந்தான். மழை விட்டு ஒரு வாரமாக வெறுமனே கிடந்த அந்த உப்புப் பாத்தியில், ஆணும் பெண்ணுமாக நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

அப்படி என்ன பெரிதாகக் கேட்டுவிட்டார்கள்? மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்கு வருகிற நிவாரணம் உப்பு மிதித்தவனுக்குச் சேரவேண்டும், அவ்வளவுதான். பட்டியல் எழுதுகிற மகராசனோ உப்புத் தண்ணி காலில் படாதவன் பெயரையெல்லாம் எழுதி வைத்திருந்தான். செத்தவன் பெயர்கூட இருந்தது, உயிரோடு பாத்தியில் நிற்கிறவன் பெயர் இல்லை. வயிறு எரியுமா எரியாதா?

போன வருஷமும் இதற்காகத்தான் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார்கள். போலீஸ் அடித்தது. தனகோடி ஒரே ஒரு கல் எறிந்தான், ஜீப் கண்ணாடி நொறுங்கியது. அதோடு போச்சு. பதினேழு பேர் ஜெயிலுக்குப் போனார்கள். பேப்பரில் கல்லைப் பற்றித்தான் எழுதினார்கள், பட்டியலைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஆராயி ஜெயிலில் இருந்தபோதுதான் அவள் புருஷன் செத்தான். தனகோடியை அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுத் தொலைத்திருந்தாலாவது அவனுக்குத் தூக்கம் வந்திருக்கும்.

இந்தத் தடவை சங்கத்தில் எல்லோரும் உப்பின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தார்கள். உயிரே போனாலும் ஒரு கையும் ஓங்கக் கூடாது. தனகோடியைச் சேர்க்கவே வேண்டாம் என்றுதான் பலரும் சொன்னார்கள். சங்கச் செயலாளர் மலர்கொடி, அவன் பெண்டாட்டி, விடவில்லை. "எங்க வூட்டுக்காரருக்கு நான் பொறுப்பு" என்று மல்லுக்கு நின்றாள்.

"எவனாச்சும் ஒருத்தன் கை ஓங்குங்கடா பாக்கலாம்!" காக்கிப் பேன்ட்காரன் வரிசை நெடுக நடந்தான். "ஒரே ஒருத்தன் போதும். மொத்தப் பேரையும் கலவரக் கேசுல உள்ள தள்ளிட்டு நான் வூட்டுக்குப் போயி மீன் கொழம்பு சாப்புடுவேன்."

தனகோடியின் முன்னால் வந்து நின்றான்.

"கல்லெறிஞ்ச பெரிய மனுசன் நீதானா? எங்கடா அந்தக் கையி?"

கழி தோளில் இறங்கியது. அடுத்தது முழங்காலில். தனகோடி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டான். வலியில் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"புடிச்சிக்க தனகோடி. உட்டுடாத" என்று பக்கத்திலிருந்து முணுமுணுத்தாள் ஆராயி.

ஒரு வருஷம் கழித்து அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். இனி கொன்றே போட்டாலும் தாங்கிவிடலாம் என்று தோன்றியது தனகோடிக்கு.

"பொண்டாட்டி முந்தானையில ஒளிஞ்சுக்கற நாயி! நீயெல்லாம் ஆம்பளையாடா?" காறித் துப்பினான். எச்சில் கன்னத்தில் வழிந்தது. தனகோடி அதைத் துடைக்கக்கூட கையை எடுக்கவில்லை.

காக்கிப் பேன்ட்காரன் மலர்கொடியிடம் போனான். அவள் கொண்டையைப் பிடித்து வரிசையிலிருந்து வெளியே இழுத்தான். ஓங்கிய கை, என்ன நினைத்ததோ, ஒரு கணம் அப்படியே நின்றது.

மலர்கொடி நிமிர்ந்து அவனை முறைத்தாள்.

"ஏன் நிக்கற? அடி!"

விட்டான் ஒரு அறை. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவள் எழுந்து மறுபடி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இன்னொரு அறை. மல்லாந்து விழுந்தவள் முகத்துக்கு நேராகக் கழி உயர்ந்தது.

அவ்வளவுதான். தனகோடிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. எப்படி எழுந்தான், எப்போது கழியைப் பிடுங்கினான் என்று அவனுக்கே தெரியாது. "எம் பொண்டாட்டி மேலயாடா கைய வெக்கற!" என்று அலறியபடி காக்கிப் பேன்ட்காரன் மண்டையில் ஒரே போடாகப் போட்டான்.

அவன் அப்படியே முட்டிபோட்டு விழுந்தான். ரத்தம் குபுகுபுவென்று கழுத்தில் இறங்கியது.

"பாவி! கெடுத்தியே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள் ஆராயி. மற்ற யாரும் ஓடவில்லை, ஒளியவில்லை. முப்பத்தேழு பேரும் உட்கார்ந்த இடத்திலேயே தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மலர்கொடிதான் எழுந்து ஓடினாள். புருஷனிடம் இல்லை. முந்தானையைச் சுருட்டிக் காக்கிப் பேன்ட்காரன் மண்டையில் வைத்து அழுத்திப் பிடித்தாள். தனகோடி பக்கம் அவள் திரும்பவே இல்லை.

கழியைக் கீழே போட்டுவிட்டு நின்றான் தனகோடி. அடிபட்டவன் கண்ணை மறைத்த ரத்தத்தைப் புறங்கையால் வழித்துவிட்டு, மெதுவாக நிமிர்ந்து அவனைப் பார்த்தான். முகத்தில் துளி கோபம் இல்லை.

"ரிகர்சலுக்கே இப்பிடின்னா, நாளைக்கு ஆபீஸ் வாசலுக்கு நீங்க வர வேணாம் மாமா."