அடுத்த ரேஸ்

குதிரை ரேஸில் கட்டுவதற்கு மருமகன் வளையலைக் கேட்கிறான் என்று மகள் பவானி போனில் சொன்னதும், சபாபதி சிதம்பரத்தில் பஸ் ஏறி செம்மண்டலத்துக்கு வந்துவிட்டார்.

சிலம்பரசன் பதறவில்லை. செல்போனில் போன வாரத்து ரேஸைப் போட்டுக் காட்டினான்.

"இந்தச் செவலையப் பாருங்க மாமா. அஞ்சாவதாத்தான் வந்துச்சி. ஆனா திருப்பத்துல மத்த குதிரைங்க வழிய மறிச்சிட்டுதுங்க. கடைசில என்னா வேகம் பாருங்க. அடுத்த ரேஸ்ல இதான் ஜெயிக்கும்."

"தோத்த குதிரய நம்பி எவனாவது கட்டுவானா மாப்ள?"

"நீங்க கட்டலியா மாமா?"

"நானா? எப்ப?"

"குரூப் டூ ரெண்டு மார்க்குல போச்சி, அடுத்த தடவ பையன் கண்டிப்பா பாஸ்னு சொல்லித்தான எனக்குப் பொண்ணு குடுத்தீங்க?"

சபாபதி மகளைப் பார்த்தார். பவானி வளையலை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"அப்பா கட்டுனதே இன்னும் வந்து சேரல. அதுக்குள்ள இன்னொண்ணா?"