தட்டிப் பார்த்த ஜாடி

“வாங்காத ஜாடிய நீ எதுக்குய்யா தட்டிப் பாத்த?”

“இன்னாம்மே இது? மண்ணு சாமானத் தட்டாம எப்டி? டோல்கேட்டாண்ட நீ பானைய தட்டாம வாங்குவியா?” என்றார் பிராங்கிளின்.

“டோல்கேட்டு பான தாங்கும். அது பிரான்சு ஜாடி, ரோசம் ஜாஸ்தி. ஒரே தட்டுல பொளந்துகினு பூடுச்சு.”

கணவனும் மனைவியும் பிரான்ஸைப் பார்த்துவிட்டு அன்றுதான் ராயபுரம் திரும்பியிருந்தார்கள். பூட்டு காணாமல்போய்க் கயிறு கட்டிக் கொண்டுவந்த பெட்டிகூட இன்னும் பிரிக்கவில்லை. சண்டையைப் பிரித்துவிட்டாள் வியாகுலம்மாள்.

மகன் ரெஜிக்கு அங்கே ஓவெர்ன் என்ற கிராமப்புறத்தில் வேலை. வருகிறவர்களைக் கத்திப் பட்டறை, மண்பாண்டப் பட்டறை, பழைய கோட்டை, பழைய கோயில் என்று கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இன்று அதிகாரிகள் அவனோடு ஒரு சுற்று வருகிறார்கள். பிடித்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் ராயபுரம்.

“கூரை இல்லாத கோட்டையப் பாக்க ஏரோப்ளேன் ஏறிப் போனேன்” என்றார் பிராங்கிளின். “நம்மாண்ட பழைய குடோனுக்குந்தான் கூரை கெடையாது. எவனாவது டிக்கெட் வாங்கிப் பாக்குறானா?”

“பேச்ச மாத்தாத. ஆபீசருங்க அந்தப் பட்டறைக்கும் போவாங்க. ஜாடிக்காரன் உன் கதைய சொல்லுவான். புள்ள வேல அம்போ.”

“நீ மட்டும் இன்னா கிழிச்ச?”

“நான் யாரையும் பேஜார் பண்ணல. நீ குறட்ட வுட்டுகினு இருந்தப்போ தனியா மலையேறி கறுப்பு மாதா கோயிலுக்குப் போனேன். நம்ம நெறத்துல ஒரு மாதா! கேட்டாண்டயே நின்னு அவன் வேலைக்காவ வேண்டிக்கினேன். பாதி அங்க, மீதிய சாயங்காலம் காசிமேட்டுல முடிச்சேன். அந்த ஊர்ல ஒரு கடலுகூட கெடையாதுய்யா.”

குளிர்காலம் முழுக்க அந்தக் கோயில் மூடியிருக்கும். அங்கே மாதாவுக்கும் நீண்ட விடுமுறை உண்டு.

கைபேசி அடித்தது. வீடியோவில் ரெஜி.

“ஜாடிதான்” என்றாள் வியாகுலம்மாள்.

“நைனா, பட்டறையெல்லாம் முடிஞ்சுது. நீ ஒடைச்ச ஜாடியில ஜாடிக்காரரு செடி வெச்சுகிறாரு. ஆபீசருங்க அதத்தான் போட்டோ புடிச்சாங்க.”

பிராங்கிளின் மனைவியைப் பார்த்து, கலைக்குத் தன்னாலானதைச் செய்தவர்போலச் சிரித்தார்.

“ஆனா கடைசில மாட்டிகினேன். கறுப்பு மாதா கோயில இன்னிக்குத்தான் தொறக்குறாங்க. எவனோ ரெண்டு கதவையும் சேத்து ஒரு பூட்டு மாட்டி வெச்சுகிறான். எண்ணூறு வருஷத்து கேட்டாம். அதாண்ட ரம்பம் எடுக்கணும்னா பாரிஸ்லேர்ந்து ஆர்டர் வரணுமாம். ஆபீசருங்க மழைல நின்னுகினு என்னியே மொறைக்கிறாங்க. ஒரு கேட்டப் பாத்துக்கத் தெரியாதவனுக்கு வேல எதுக்குன்றாங்க நைனா.”

அவன் கைபேசியைத் திருப்பிக் காட்டினான். துருப்பிடித்த கம்பிகளுக்கு நடுவே பளபளவென்று ஒரு திண்டுக்கல் பூட்டு. தன் பெட்டிப் பூட்டு எங்கே போனது என்று பிராங்கிளினுக்கு அப்போதுதான் விளங்கியது.

“ஏம்மே, சாவி?” என்றார் மெல்ல.

வேண்டிக்கொண்டு கோயிலில் பூட்டு மாட்டினால் சாவியைக் கடலில் வீசிவிட வேண்டும். இல்லாவிட்டால் வேண்டுதல் பலிக்காது. வியாகுலம்மாள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. காசிமேட்டு அலை அதை இந்நேரம் எண்ணூர்ப் பக்கம் கொண்டுபோயிருக்கும்.

திரையில் மறுபடி ரெஜியின் முகம் வந்தது. கண் கலங்கியிருந்தது.

“யம்மா, எனக்காவ நீ ஒருவாட்டி மாதாகிட்ட வேண்டிக்கயேன்!”