என் திரை தெரியுதா?

“என் திரை தெரியுதா?” என்று அலுவலக வீடியோ அழைப்பில் கேட்டாள் பெகிமாய்.

“தெரியுதே, நல்லா கன்னங்கரேல்னு தெரியுது,” என்றான் குபத். “மறுபடி கரண்ட் போச்சா? இந்த பிஷ்கெக்ல உனக்கு மட்டும் தனியா ராத்திரி விடுறாங்களா?”

ஏழு சதுரங்களில் ஏழு முகங்கள் சிரித்தன. எட்டாவது சதுரத்தில் இருந்த துறைத் தலைவர் ஜோல்தோஷ் பைகே (‘பைகே’ என்றால் அங்கே ‘அண்ணன்’) சிரிக்கவில்லை. பேசவும் இல்லை. அலுவலக அழைப்புகளில் அவர் குரலைக் கேட்டவர் ஒருவரும் கிடையாது. சொல்ல வேண்டியதை அரட்டைப் பெட்டியில் இரண்டு சொல்லில் எழுதுவார். அந்த இரண்டு சொல்லில் வேலை போனவர்களும் உண்டு.

இப்போதும் எழுதினார்: “மறுபடி காட்டு.”

காட்டினாள். அதே கறுப்பு.

அன்று அவளுடைய சோதனைக் காலத்தின் கடைசி நாள். ஆறு மாதமாகச் செய்ததைத் திரையில் காட்டிவிட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் சொந்த ஊரான கரகோலுக்கு பஸ், அத்தையின் நூடுல்ஸ் கடை, விடிந்தும் விடியாததுமாக மாவு பிசைதல், அத்தை மகன்களின் இலவச ஆலோசனைகள்.

திரை ஏன் கறுப்பு என்பது அவளுக்குத் தெரியும். வெளியே சொல்லத்தான் முடியாது. சேர்ந்த அன்று, ‘என் கணினியில் விண்டோஸ் மட்டுமே’ என்ற உறுதிமொழியில் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். அதற்கு மேலே, விதியை அமல்படுத்துபவர் என்ற இடத்தில், பைகேயின் கையெழுத்து.

ஆனால் அவளுடைய கிழட்டு மடிக்கணினியில் ஓடியது, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ். அலுவலகச் செயலி லினக்ஸை வாசலிலேயே மறித்துவிடும். அதனால் ‘நான் விண்டோஸ்’ என்று பொய் சொல்ல பிரவுசருக்குக் கற்றுக்கொடுத்து, பின்வாசல் வழியாக உள்ளே வந்திருந்தாள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைக் காவு கொடுத்து மைக்கைப் பேச வைத்தாள். திரையைக் காட்டும் வித்தை மட்டும் கடைசி வரை கைகூடவில்லை.

ஆறு மாதமாக அவளைக் காப்பாற்றியவை சாக்குகள்தான். கரண்ட் போச்சு, நெட் போச்சு, பூனை ஒயரைக் கடிச்சிடுச்சு. அவளிடம் பூனை கிடையாது.

அரட்டைப் பெட்டியில் அடுத்த வரி விழுந்தது: “மத்தவங்க போகலாம். பெகிமாய் இரு.”

“நூடுல்ஸ்ல எனக்குக் காரம் தூக்கலா போடு,” என்று குபத் கையசைத்தான். அவன் முகம் மறைந்ததும் தனிச்செய்தி ஒன்று வந்தது. “சும்மா சொன்னேன். பயப்படாத.” பயம் இன்னும் கூடியது. குபத் அன்பாகப் பேசினால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

ஒவ்வொரு சதுரமாக அணைந்து இரண்டே மிஞ்சின. நெட் போனதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று, வெளியேறும் பொத்தானை அழுத்தினாள். அது சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஓடிப்போகவும் இந்த லினக்ஸ் விடாது போலிருக்கிறது.

“எந்த சிஸ்டம்?” என்று எழுதினார் பைகே.

“விண்டோஸ்தான் பைகே,” என்றாள் மைக்கில்.

“எந்த விண்டோஸ்?”

“அது... புதுசு.”

“திரையை போனில் படம் எடுத்து அனுப்பு.”

பெகிமாய் அவர் முகத்தையே பார்த்தாள். நூருஸ் புத்தாண்டு விருந்தில் இதே மனிதர்தான் மேசைத் தலைவராக நின்று, கோப்பை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் வாழ்த்துப் பேசி, எல்லோருடைய ஆட்டுக்கறியையும் ஆற வைத்தவர். சமையல்காரி வந்து கெஞ்சிய பிறகுதான் உட்கார்ந்தார். அலுவலகத்தில் மட்டும், கீழே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை பேசினால் கிரீடம் சரிந்துவிடும் போல.

இனி ஓட இடமில்லை.

“லினக்ஸ், பைகே,” என்றாள். “சேர்ந்த நாள்லேருந்தே இதுதான். பொய்யா கையெழுத்துப் போட்டேன். இந்தப் பழைய லேப்டாப் விண்டோஸைத் தாங்காது, வேற வாங்க வழியில்ல. ஆனா வேலையில பொய் கிடையாது பைகே. எல்லாத்தையும் அனுப்புறேன், நீங்களே ஓட்டிப் பாருங்க.”

அவர் எழுதுவதாக அரட்டைப் பெட்டி காட்டியது. நின்றது. மறுபடி எழுதினார், அழித்தார். பிறகு எழுந்து போய், தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். சாத்திவிட்டுத் திட்டுகிறவர் என்றால் நல்ல மனிதர்தான் என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது.

அவள் கைபேசி அடித்தது. அவர்தான்.

“ஊருக்குப் பெட்டி கட்டிடவா, பைகே?” என்றாள், அவர் வாய் திறப்பதற்கு முன்பே.

“கத்தாத, வெளிய யாருக்காவது கேட்டுடப் போகுது,” என்றார் அவர் கிசுகிசுப்பாக. “உன் வேலையெல்லாம் போன வாரமே ஓட்டிப் பார்த்து மேல எழுதி அனுப்பிட்டேன், நீ நிரந்தரம்தான். இப்ப நான் கேக்குறத மட்டும் சொல்லு.”

“என்ன பைகே?”

“என் லினக்ஸ்ல ரெண்டு வருஷமா மைக் ஊமையா கிடக்கு, உன்னோடது மட்டும் எப்படிம்மா பேசுது?”