துணைக்கு ஓர் ஆண்பிள்ளை

"பனிக்கட்டி உருகுதுடா! உன் சட்டத்தைத் தூக்கி இந்தப் பெட்டிக்குள்ள போட்டா மருந்து கெடாம இருக்குமா?"

மருத்துவச்சி தகிய்யா போட்ட சத்தம் ஏமன் மலையில் மோதி இரண்டு முறை திரும்பி வந்தது.

"கத்தாதீங்க மாமி" என்றான் முஜல்லி. வயது இருபத்து நாலு. போன வருஷம் வரை ஆடு மேய்த்தான். இப்போது பாதையில் இரண்டு எண்ணெய்ப் பீப்பாய்களை நிறுத்தி, நடுவே ஒரு சங்கிலியைக் கட்டியதும் தளபதி. கன்னத்தில், போதைக்காக மெல்லும் காத் இலை உருண்டை வேறு.

"கடுதாசியில மருந்துக்குத்தான் அனுமதி. மருந்து போகலாம். நீங்க போகக் கூடாது."

"மருந்து தானா நடந்து போய், தானா குத்திக்குமா?"

"யாராவது ஆம்பள போய்க் குத்தட்டும்."

"ஆம்பளைக்கு எந்த வீட்டுக் கதவு திறக்கும்? அதுவும் நீங்க போட்ட சட்டம்தானே!"

மேல் கிராமத்தில் தட்டம்மை. பன்னிரண்டு நாளில் ஒன்பது பிள்ளைகளைப் புதைத்துவிட்டார்கள். மீதிப் பிள்ளைகளுக்காவது ஊசி போட்டாக வேண்டும். நிவாரண அலுவலகத்துக்காரர்கள் எட்டு நாள் தளபதிகளோடு உட்கார்ந்து தேநீர் குடித்து, மூன்று முத்திரை குத்திய அந்தக் கடிதத்தை வாங்கியிருந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் பேச்சுவார்த்தை.

"பொம்பள தனியா மலை ஏறக் கூடாது. புருஷனோ, தம்பியோ, மகனோ, மஹ்ரம் ஒருத்தர் கூட வரணும்."

"புருஷன் செத்துப்போய் ரெண்டு வருஷம். தம்பி சவூதியில. மகன் இல்ல. கப்ரைத் தோண்டி அவரைக் கூட்டிட்டு வரவா?"

முஜல்லி பச்சைப் பல்லைக் காட்டிச் சிரித்தான்.

"எதுக்கு அவ்வளவு சிரமம்? மருமகனும் மஹ்ரம்தானே மாமி? இப்பவே சரின்னு சொல்லுங்க. அரை மணி நேரத்துல நிக்காஹ். நானே கூட வர்றேன்."

விஷயம் இதுதான். தகிய்யாவின் ஒரே மகள் இப்திஹாலைப் பெண் கேட்டு, மூன்று நாளைக்கு முன் நான்கு துப்பாக்கிக்காரர்களை அனுப்பியிருந்தான். வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும். அப்படி வந்து கேட்டால் என்ன பதில் சொல்ல முடியும் என்று ஊருக்கே தெரியும். இப்போது மேல் கிராமத்துப் பிள்ளைகளையும் சேர்த்துத் தராசில் வைத்துவிட்டான்.

சங்கிலிக்கு இந்தப் பக்கம் காத்திருந்த பெண்கள் நெருங்கி வந்தார்கள். தகிய்யா பெட்டியைக் கீழே வைத்தாள். அவள் குரலும் இறங்கியது. அவளுக்குக் கோபம் முற்றினால் அப்படித்தான்.

"நீ மருமகனாக முடியாது. ஏற்கெனவே மகன்."

"என்னது?"

"நீ பொறந்தப்போ உன் உம்மாவுக்குக் காய்ச்சல். பால் வத்திப்போச்சு. என் முதல் பிள்ளையைப் புதைச்சு அப்போ நாலு நாள். நாப்பது நாள் உனக்குப் பால் கொடுத்தவ நான்."

காத் இலை மெல்லுவது நின்றது.

"பொய்! இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"வெள்ளிக்கிழமை வீட்டுக்குள்ள வச்சுச் சொல்லலாம்னு இருந்தேன். நடுரோட்டுல சொல்ல வச்சுட்ட."

"அவ சொல்றது நிஜம்" என்று பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. முஜல்லியின் உம்மா கானியா. மேல் கிராமத்தில் இருக்கும் மகளைப் பார்க்கப் போக அவளும் காலையிலிருந்து அங்கேயே நின்றாள். அந்த மகளின் பிள்ளை ஒன்றைத் திங்கட்கிழமை புதைத்திருந்தார்கள். அதற்கும் இந்தச் சங்கிலி திறக்கவில்லை.

"உம்மா! நீயாவது என்கிட்ட..."

"நீ என்கிட்ட கேட்டியாடா? ஊரு உலகத்துல பெண் கேட்க உம்மாவை அனுப்புவாங்க. நீ நாலு துப்பாக்கியை அனுப்பின. போ, துப்பாக்கிகிட்டயே கேளு!"

முஜல்லியின் ஆட்கள் வடக்கிலிருந்து வந்தவர்கள். சட்டம் கரைத்துக் குடித்தவர்கள். அவர்களில் தாடிக்காரன் ஒருவன் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"அஞ்சு தடவை பால் குடிச்சாலே போதும், தளபதி. நாப்பது நாள்னா பேச்சே இல்ல. இவங்க உங்களுக்கு உம்மா, அந்தப் பொண்ணு தங்கச்சி." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "அப்போ மஹ்ரம் நீங்கதானே? சட்டப்படி நீங்கதான் கூடப் போகணும்."

"பெட்டியைத் தூக்கு, மகனே" என்றாள் தகிய்யா.

தூக்கினான். செங்குத்தான ஏற்றம், மூன்று மணி நேரம். போய்ச் சேர்வதற்குள் பத்தாவது பிள்ளையும் போயிருந்தது. நூற்று முப்பத்தேழு பிள்ளைகளுக்கு ஊசி போட்டு முடிக்கும்வரை தளபதி வாசலில் செருப்புகளுக்குக் காவல் இருந்தார். கூடவே ஏறி வந்த கானியா மகள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த மாதமே ஏடனில் மருந்துக்கடை வைத்திருப்பவருக்கும் இப்திஹாலுக்கும் நிக்காஹ் நடந்தது. முஜல்லி அண்ணன் முறையில் கொழுத்த ஆடு ஒன்றை அனுப்பினான். மணப்பெண் வண்டிக்குத் தன் கையாலேயே சங்கிலியை அவிழ்த்துவிட்டான். தகிய்யாவும் மகளோடு ஏடனுக்குக் குடிபோய்விட்டாள்.

ஆகவே இனிமேல் சொன்னால் தப்பில்லை. இருபத்தொரு வருஷத்துக்கு முன் தகிய்யா எங்கள் ஊருக்கு மணப்பெண்ணாக வந்து இறங்கிய அன்று, கானியாவின் இடுப்பிலிருந்த மூன்று வயது முஜல்லி வயிறு முட்டத் திராட்சை தின்றுவிட்டு அவளுடைய கல்யாண உடுப்பிலேயே வாந்தி எடுத்தான். நாங்கள் அத்தனை பெண்களும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.