வாங்காத டிவிக்குத் தவணை

"உங்களுக்கு லோன் கிடைக்காது சார். உங்க பேர்ல ஒரு வாராக்கடன் இருக்கு."

பேங்க் அதிகாரியம்மாவுக்கு வெண்கலத் தொண்டை. வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மருந்துக்கடைக்காரருக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது.

"எனக்கா? நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் கை நீட்டினதே இல்லம்மா!"

வாஸ்தவம்தான். மனுஷன் கடன் வாங்கவும் மாட்டார், கொடுக்கவும் மாட்டார். அவர் கடையில் தலைவலி மாத்திரைக்குக்கூடக் கடன் சொல்ல முடியாது. சொன்னால் அவரே தலைவலியாகிவிடுவார்.

"கிரெடிட் ரிப்போர்ட்ல இருக்கே சார். தவணையில டிவி வாங்கியிருக்கீங்க. பாதியில நிறுத்திட்டதால வசூல் கம்பெனி கைக்குப் போயிருக்கு."

"நான் எந்த டிவியும் வாங்கலம்மா. யாரோ தப்பா ஏத்திட்டாங்க."

"தப்புன்னா, இப்ப வசூல் கம்பெனிக்கு மாசா மாசம் யார் சார் பணம் கட்டுறாங்க? கட்டினா, கடனை ஒத்துக்கிட்டதாத்தானே அர்த்தம்?"

அந்தம்மாவே வசூல் கம்பெனிக்குப் போன் போட்டு விசாரித்தாள். பணம் கட்டுகிறவரின் செல் நம்பரைக் குறித்துக்கொண்டு படித்துக் காட்டினாள்.

மருந்துக்கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவர் மச்சினன் நம்பர். சாட்சாத் மனைவியின் கூடப்பிறந்த தம்பி!

மிக்ஸி, ஃபிரிட்ஜ் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறவன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் எந்த வேலையைச் சொன்னாலும் "அப்புறம் பாக்கலாம்" என்பான். வீட்டில் அவனுக்குப் பேரே 'அப்புறம்' என்று ஆகிவிட்டது.

"படுபாவி! என் அடையாள அட்டையைக் காட்டி டிவி வாங்கியிருக்கான்!"

கடை இருக்கும் கட்டிடத்தை உரிமையாளர் விற்கப் போகிறார். இந்த மாசத்துக்குள் லோன் கிடைத்தால் இவரே வாங்கிவிடலாம். இல்லாவிட்டால் கடையைக் காலி செய்துவிட்டு நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

நேரே பட்டறைக்குப் போனார்.

"ஏன்டா, என் பேர்ல கடன் வாங்கித்தான் நீ டிவி பாக்கணுமா?"

ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருந்த மச்சினன் எழுந்தான். சுற்றி நின்ற வாடிக்கையாளர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"மாமா, உள்ள வாங்க. பேசிக்கலாம்."

"உள்ள என்னடா பேச்சு? எல்லாரும் கேக்கட்டும். மாசா மாசம் கட்டுறது நீதானே?"

"ஆமா மாமா."

"அப்ப டிவி வாங்கினது யாரு?"

மச்சினன் அவர் முகத்தையே பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"மன்னிச்சிடுங்க மாமா. மிச்சத்தையும் சீக்கிரமாக் கட்டிடறேன்."

"திருட்டுப் பயலே!" சட்டையைப் பிடித்து உலுக்கினார் மருந்துக்கடைக்காரர்.

மிக்ஸி கொடுக்க வந்த ஒரு பெண்மணி, "நல்ல ஆள்கிட்ட வந்தேன் போ!" என்று அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. "இனிமே உன் தம்பி இந்த வீட்டு வாசப்படியை மிதிக்கக் கூடாது!" என்று மனைவியிடம் கத்தினார். அவள் அழுத அழுகை கொஞ்சநஞ்சமில்லை. அவர் மசியவில்லை.

மறுநாள் வசூல் கம்பெனிக்கே போய் நின்றார்.

"என் கையெழுத்து இல்லாம எவன் கடன் கொடுத்தது? ஒப்பந்தத்தை எடுங்க. மச்சினன் மேல போலீஸ்ல புகார் கொடுக்கப் போறேன்."

அங்கிருந்த மேனேஜர் தேடிப் பிடித்து எடுத்தார். அதில் ஒட்டியிருந்த போட்டோவைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

போட்டோவில் இருந்தது மச்சினன் இல்லை. யாரோ ஒரு வழுக்கைத்தலை ஆசாமி. முன்பின் பார்த்ததே இல்லை.

"சாரி சார். அவருக்கும் உங்க பேர், உங்க பிறந்த தேதி. ஆள் மாறிப்போச்சு. தப்பு எங்க மேலதான். ரிப்போர்ட்லேர்ந்து எடுக்கச் சொல்லி இன்னிக்கே எழுதிடறோம். கட்டின பணத்தையும் திருப்பிக் கொடுத்துடறோம்."

இனி லோன் கிடைத்துவிடும். துள்ளிக் குதிக்க வேண்டிய மனுஷன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்படியானால் அந்தப் பயல் ஏன் பணம் கட்டினான்? அத்தனை பேர் எதிரில் திருடன் என்ற பட்டத்தை ஏன் வாங்கிக்கொண்டான்?

கூனிக்குறுகிப் பட்டறைக்குப் போனார். அங்கே ஈ காக்கை இல்லை. எல்லாம் இவர் செய்த உபகாரம்.

"அந்தக் கடன் உன்னோடது இல்லடா. என்னோடதும் இல்ல. வேற எவனோடதோ. நீ ஏன்டா கட்டினே?"

மச்சினன் திருதிருவென்று விழித்தான். "உங்களோடது இல்லையா? ஒரு நாள் நான் வந்தப்ப வசூல்காரன் உங்க வீட்டு வாசல்ல நின்னு உங்க பேரைச் சொல்லிக் கத்தினான் மாமா. நல்லவேளை, அக்கா வெளியே போயிருந்தா. நீங்க எங்கேயோ வசமா மாட்டிக்கிட்டீங்கன்னு நினைச்சேன். அக்காவுக்குத் தெரிஞ்சா உங்களுக்குத் தலைகுனிவாச்சேன்னு நானே கட்ட ஆரம்பிச்சேன்."

வெட்கத்தில் அவரால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா! நான் சட்டையைப் பிடிச்சப்பகூட வாயைத் திறக்கலையே!"

மச்சினன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"கௌரவத்துக்குப் பயந்து நீங்க பழியை என் மேல போடுறீங்கன்னு நினைச்சேன் மாமா. அத்தனை பேர் நிக்கும்போது, அது உங்க கடன்னு நான் எப்படிச் சொல்வேன்?"