பதினோரு மணிப் பணியாரம்

பதினோரு மணிக்குப் புஷ்பவள்ளியின் செல்போன் அலாரம் நாதஸ்வரம் வாசித்தது. கையில் இருந்த துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்க் கை கழுவினாள். தட்டில் நாலு வெள்ளைப் பணியாரம் எடுத்துவைத்து உட்கார்ந்தாள். முதல் வாய் அவள் வாய்க்குத்தான் போயிற்று.

தேவகோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து, இன்னும் பையைக்கூடக் கீழே வைக்காத ஈஸ்வரி வாசலிலேயே நின்றுவிட்டாள். வீட்டுக்கு வந்த நாத்தனார் நிற்க, தம்பி பெண்டாட்டி தின்கிறாள்.

"வாங்க மதினி. உக்காருங்க, சூடா இருக்கு."

"கண்ணு தெரிஞ்சிருச்சா. நான் பஸ்ஸுக்குத் திரும்பலாம்னு பாத்தேன்."

எதிர் நாற்காலியில் அழகி இருந்தாள். தம்பியின் ஒரே மகள், கல்லூரியில் இரண்டாம் வருஷம். போன வருஷம் சோற்றைக் கண்டாலே பயந்து, சாப்பாட்டையே விட்டு, மதுரை ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் கிடந்த பிள்ளை. அவள் முன்னாலும் பணியாரம் இருந்தது. 'சாப்பிடும்மா' என்று பெற்றவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிர்வீட்டுச் சேவல் ஷேர் ஆட்டோவில் ஏறிக் கழனிவாசல் வரைக்கும் போய்விட்டு வந்த கதையைச் சொல்லிச் சொல்லித் தானே தின்றுகொண்டிருந்தாள்.

ஈஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. "ஏன் அழகி, உடம்பு இன்னும்..."

அதற்குள் புஷ்பவள்ளி ஊட்டிவிட்ட ஒரு பணியாரம் ஈஸ்வரியின் வாய்க்குள் இருந்தது.

"உப்பு சரியா இருக்கா மதினி?" என்றாள் புஷ்பவள்ளி.

ஒரு மணிக்கு மறுபடி நாதஸ்வரம். கடையிலிருந்து வந்த தம்பி பெரியகருப்பன், தானே தட்டை எடுத்து, தானே சோறு போட்டுக்கொண்டான். பெண்டாட்டி அதற்குள் இரண்டாவது கரண்டிக் குழம்பில் இருந்தாள்.

ஈஸ்வரி பேச்சை நல்ல வழிக்குத் திருப்பினாள். "ரெண்டு வருஷத்துக்கு முந்தி கல்லல் கல்யாணத்துல நான் சொன்னதுக்கு மூணு வரிசை இலையும் சிரிச்சுச்சே, ஞாபகம் இருக்கா அழகி? நான் என்ன சொன்னே..."

இந்தத் தடவை கோழி.

"எலும்பு இருக்கு மதினி. பேசாமச் சாப்பிடுங்க."

அழகிக்குச் சிரிப்பில் புரை ஏறியது. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பவும் சிரித்தாள்.

கை கழுவியதும் ஈஸ்வரி தம்பியைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "அங்குட்டு வாடா. பெத்த பிள்ளை பென்சிலாட்டம் இருக்கு. இவ பூரிச்சுப் போயிருக்கா. ஜாக்கெட்டுத் தையலைப் பிரிச்சு விட்டிருக்கா பாத்தியா?"

"ரெண்டு தடவை பிரிச்சாச்சுக்கா."

"சிரிக்கிறியா? பிள்ளையைச் சாப்பிடச் சொல்ல இந்த வீட்டுல ஒரு ஆள் இல்லையா?"

"சாயங்கால பஸ்ஸுலதான போறீக. நாலு மணி வரைக்கும் பொறுங்கக்கா."

நாலு மணிக்கு நாதஸ்வரம். அதிரசம் வந்தது. புஷ்பவள்ளி ஒரு கடி கடித்துவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டாள். ஏப்பம் வந்தது. அதையும் விழுங்கி, இன்னொரு கடி கடித்தாள்.

ஈஸ்வரி வெடித்துவிட்டாள். "ஏன் புஷ்பம், ரெண்டு வருஷமா எட்டிப் பாக்காத நாத்தனாரை வலியப் போன் போட்டுக் கூப்பிட்டியே, நீ திங்கிறதை வேடிக்கை பாக்கவா?"

"எனக்கு அதிரசமே ஆகாது மதினி. நெஞ்சைக் கரிக்கும்."

"பெறகு யாருக்காகத் திங்கிற?"

புஷ்பவள்ளி அழகியைப் பார்த்தாள். ஈஸ்வரியும் பார்த்தாள். பேச்சு மும்முரத்தில் யாரும் கவனிக்காத நேரத்தில் பிள்ளையின் தட்டு காலியாகியிருந்தது. விரல் நுனியில் எண்ணெய் மினுமினுத்தது.

அழகி எழுந்துபோய், பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பிய்த்துக்கொண்டு வந்தாள்.

"வீரலட்சுமி மேடம் எழுதிக் கொடுத்தது அயித்தை. ஆஸ்பத்திரியில டயட்டீசியன். வாராவாரம் போய் அவககிட்டப் பேசிட்டு வருவோம்."

"மாத்திரைன்னா பிள்ளைக்கு மட்டும் எழுதுவாக" என்றாள் புஷ்பவள்ளி. "இவக வீட்டுக்கே எழுதிட்டாக."

ஈஸ்வரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். ஒரு நாளைக்கு ஆறு வேளை. முதல் வாய் அம்மா. சாப்பிடும்போது வேறு கதை பேசவும். 'சாப்பிடு', 'போதும்', 'இளைச்சுட்ட', 'சதை போட்டுட்ட' என்று வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. வந்தவர்கள் சொன்னால் பேச்சை மாற்றவும்.

பணியாரத்துக்கும் கோழிக்கும் அர்த்தம் புரிந்தது. ஈஸ்வரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பேச்சை மாத்தத்தானடி சொல்லியிருக்கு. வாயை அடைக்கச் சொல்லலையே."

"உங்க வாய்க்கு அது பத்தாது மதினி."

மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

தாளின் பின்பக்கம் அழகியின் கையெழுத்தில் ஒரு பட்டியல் இருந்தது. எனக்குப் பயமானவை, குறைந்த பயத்திலிருந்து. இட்லி. தயிர்சோறு. வெள்ளைப் பணியாரம். கோழிக் குழம்பு. அதிரசம். ஒவ்வொன்றுக்கும் பச்சை மையில் ஒரு டிக். கல்யாணப் பந்தி, அதற்கும் டிக்.

பந்தி என்ற இடத்தில் ஈஸ்வரியின் சிரிப்பு நின்றது. 'இவளுக்கு ஒரு இலை காணாதுப்பா, ரெண்டாப் போடுங்க.' கல்லலில் அழகியைக் காட்டி அவள் சொன்னது அதுதான். மூன்று வரிசையும் சிரித்தது.

"கொஞ்சம் தாங்க அயித்தை" என்று அழகி தாளை வாங்கி, இன்னும் டிக் போடாமல் இருந்த கடைசி வரியில் பேனாவை வைத்தாள்.

'ஈஸ்வரி அயித்தை முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவது.'